பத்துப் பேர் என்று எழுதினேன்

கிள்ளானிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் ஒரு கடற்கரை ஊர் வரும். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள். போனது போதும்.

அங்கே கடல் நீலமாக இருக்காது. பால் குறைத்து ஊற்றிய தேநீரின் நிறம். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டிய வரை சேறுதான். சேற்றில் தவ்விக்கொண்டிருக்கும் சின்ன மீன்கள், கொக்குகள், தூரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள். படம் எடுத்து மாட்டி வைக்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்தக் கடற்கரை எங்களுக்குக் கிடைத்தது.

கிள்ளானை ஒட்டிய மேரு தொழிற்சாலைகளில் ஆறு நாள் நின்று கால் வீங்கியவர்கள், கிள்ளான் தாமான் குடியிருப்புகளில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேராக இருப்பவர்கள், எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். சமைத்த சாப்பாடு கொண்டு வர மாட்டார்கள். கோழி, அரிசி, அரைத்த மசாலா, ஒரு மூட்டை வெங்காயம் என்று எல்லாவற்றையும் பச்சையாகக் கொண்டு வந்து மணலில் உட்கார்ந்து சமைப்பார்கள். கடலில் குளிப்பதைவிட அதுதான் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆண்கள் வெங்காயம் உரிக்கிற ஒரே நாள் அது. உரிக்கத் தெரியாமல் அழுவார்கள். பெண்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்கள்.

இப்படி வருகிறவர்களுக்கு அடுப்பு வேண்டும், பெரிய சட்டி வேண்டும், உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். மூன்றையும் வைத்திருந்தவர் ஒரு அக்கா. சவுக்கு மரங்களுக்குக் கீழே தகரக் கொட்டாய். ஆறு அடுப்பு. குவாலி என்று நாங்கள் சொல்லும் பெரிய இரும்புச் சட்டிகள் பதினாலு. தகரம் அடித்த இரண்டு குளியலறை, அதில் குழாய்த் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்கள். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மீன் இறங்குதுறையில் வேலை செய்த கணவர் இறந்த பிறகு அந்தக் கொட்டாயை வைத்துத்தான் பிழைத்தார். உரிமத்தை வருடா வருடம் நகராண்மைக் கழகத்தில் புதுப்பித்துக்கொள்வார். களவாக நடத்தியது அல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அப்படியும் பேசினார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு வாடகைப் பேருந்தில் சாமான் ஏற்றி இறக்கும் ஆளாக. அதற்கு முந்தி, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மேருவில் வேலை போனது. வேலை போனதும் அறை போனது. ஒரு கோயிலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு மாதம் படுத்திருந்தேன். அதற்கும் முந்தி எங்கெங்கே இருந்தேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. அன்று பேருந்து ஓட்டுநரோடு ஒரு சண்டை. சாயங்காலம் பேருந்து கிளம்பியபோது நான் ஏறவில்லை.

"என்னா தம்பி, பஸ்ஸு போயிருச்சே?" என்றார் அக்கா.

"போவட்டும்க்கா."

"அப்ப அந்தக் குவாலிய தேயி. சும்மா நிக்காத, கொசு புடுங்கும்."

தேய்த்தேன். இரண்டு வருடம் தேய்த்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு பாய் தேநீர்க் கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பம். அக்காவுக்கும் அவருக்கும் தினமும் ஒரு போட்டி நடக்கும்: யாருக்கு வியாபாரம் அதிகம் என்ற போட்டி அல்ல, யாருக்கு வியாபாரமே இல்லை என்ற போட்டி.

"என்னாக்கா, இன்னிக்கி மூணு பஸ்ஸு போல?"

"பஸ்ஸு வந்தா? எல்லாம் தூங்க வந்ததுங்க பாய். உங்க கடையிலதான் நிக்க எடமில்ல."

"எனக்கா? ஈ ஓட்டுறேன் லா. அந்த ஈயும் இன்னிக்கி லீவு."

இந்தப் பேச்சு நடக்கும்போது ஆறு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. பாய் ஒரு கையால் தேநீர் ஆற்றிக்கொண்டே ஈ ஓட்டுகிற கதையைச் சொல்வார். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும். கேட்கிறவன் வரிக்காரனாக இருக்கலாம், கடனுக்கு வருகிறவனாக இருக்கலாம், எதிர்க்கடை போட நினைப்பவனாக இருக்கலாம். ஆகவே யார் கேட்டாலும், "ஏதோ ஓடுது." இந்த இரண்டு சொல்லில் தலைமுறைகள் பிழைத்திருக்கின்றன.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இதைப் பார்த்தவன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், தெருவை அழகுபடுத்தி முடித்திருந்தார்கள். வளைவு வைத்து, வண்ணம் அடித்து, கண்ணில் பட்டதெல்லாம் ஊதா, ஆரஞ்சு. சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும். பூத்தொடுக்கும் பெண்ணின் விரலுக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் வைப்பார்கள். பூ வாங்க மாட்டார்கள். பக்கத்தில் முடிவெட்டும் கடை போனது, தையல் கடை போனது, நான் வேலை செய்த கடையும் போனது. அதற்கு முன்னால் எல்லாம் யாரோ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பார்த்தும் மூளையில் ஏறவில்லை.

கடற்கரை ஊருக்கும் அப்படி ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு மலாய்ப் பெண், கழுத்தில் அட்டை, மரியாதையான பேச்சு. கடற்கரையைத் தரம் உயர்த்தப் போகிறார்கள், இப்போது இருக்கிற வியாபாரிகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு என்று தாளைக் கொடுத்தாள். நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். பாய் தாளை மடித்துப் பையில் வைத்து அம்பாங்கில் கடை வைத்திருக்கும் தன் மருமகனுக்குத் தொலைபேசியில் பேசினார். அக்கா தாளை என்னிடம் கொடுத்தார். நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தவன். மலாய் எழுதப் படிக்கத் தெரியும், கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

பெயர், அடையாள எண், எத்தனை வருடம், எல்லாம் எழுதினேன். வாரத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது.

"எத்தன பேருக்கா?"

அக்கா வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எழுது, பத்துப் பேரு."

"முந்தாநேத்து மட்டும் ரெண்டு பஸ்ஸு வந்துச்சே."

"ஏன், வெளிய போயி மைக் வச்சுச் சொல்லேன். பத்துன்னு போடு தம்பி. நெறைய போட்டா லைசென்ஸ ஏத்திருவானுங்க. ஊரு கண்ணு வேற."

நான் நீல மையில், குண்டு எழுத்தில், பத்து என்று எழுதினேன். தயங்கினேனா என்றால் இல்லை. என்னிடம் யாராவது கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அஞ்சு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கடற்கரையில் புதிய வணிக வளாகம் கட்டுகிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்களில் தொழில் சுறுசுறுப்பாக நடத்துகிறவர்களுக்கு அதில் முன்னுரிமை. அக்காவின் இடம் போதிய பயன்பாடு இல்லாத இடம் என்று தெரிவதால் உரிமம் புதுப்பிக்கப்படாது. மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். நான் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "பயன்பாடு இல்லையாமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

பாய்க்குக் கடை இடம் கிடைத்தது. மருமகன் போனில் சொல்லிக் கொடுத்தபடி, கணக்கைக் குறைக்காமல் நிரப்பிய தாள்.

மறுநாள் காலை அக்கா இருப்பதில் பெரிய குவாலியைச் சரோங் துணியில் கட்டினார். இரண்டரை அடி அகலம். வெளிப்பக்கம் விரல் கனத்துக்குக் கரி.

"இது எதுக்குக்கா?"

"அவனுங்களுக்குக் காட்டத்தான். எழுதுனது பொய்யின்னா, இது பொய் சொல்லுமா?"

பேருந்தில் அதை அவர் மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டுநர், "ஆன்டி, கெண்டூரி விருந்தா? என்னக் கூப்டலியே," என்று கிண்டல் செய்தார். "ஒனக்கு இல்லாமயா? வாயத் தொறந்து வச்சிரு, ஊத்துறேன்," என்றார் அக்கா.

நகராண்மைக் கழக அலுவலகத்தில் ஒரு அதிகாரியிடம் எங்களை அனுப்பினார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோப்பைத் தேடி எடுத்தார். என் தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். நீல மையில், குண்டாக, பத்து. எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். தவறாக எழுதிவிட்டோம், ஒரு பேருந்திலேயே நாற்பது பேர் வருவார்கள், சில வாரம் நாலு பேருந்து என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அப்படியானால் அன்று ஏன் பத்து என்று எழுதினீர்கள் என்றார்.

அதற்கு நான் என்ன சொல்வது? கண் பட்டுவிடும் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அந்த மேசையில் அது எடுபடாது. எங்கள் வீடுகளில் அது அடக்கம். அந்தக் கோப்பில் அது ஆதாரம். அக்காதான் சரோங்கை அவிழ்த்துக் குவாலியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மன்னிக்கணும் சார் என்று ஆரம்பிக்கவெல்லாம் இல்லை. தமிழிலேயே சொன்னார்.

"பாருங்க. பத்துப் பேருக்குச் சமைச்சா இம்புட்டுக் கரி புடிக்குமா? இதுமாரி பதினாலு இருக்கு. வந்து எண்ணிப் பாருங்க."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி கரியைப் பார்த்தார். அவருடைய அம்மா வீட்டிலும் அப்படி ஒரு சட்டி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது, மேசை அழுக்காகிறது, தயவுசெய்து வெளியே எடுத்துப் போங்கள் என்பதுதான். மேல்முறையீட்டுக்கு எழுதலாம் என்றார். எழுதினேன். பதில் வந்தது. படிக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குச் சின்னப் பதில்.

கொட்டாயைப் பிரித்த பிறகு அக்கா கிள்ளானில் தன் அக்கா மகள் வீட்டுக்குப் போனார். நான் அந்த ஊரிலேயே இருந்து, வளாகம் கட்டும் வேலையில் தரை ஓடுகளைச் சுமந்தேன். ஆமாம், அதே வளாகம்தான். கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆறு அடுப்பும் இருந்த இடத்தில் வழுவழுவென்று சாம்பல் நிற ஓடு பதித்தோம். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். எனக்கு அப்போது இரவில் படுக்க இடம் இல்லை, அவர்கள் ஒரு கன்டெய்னர் பெட்டியில் படுக்கை கொடுத்தார்கள்.

வளாகம் திறந்தது. கோலாலம்பூரில் எல்லா அடுக்குமாடிக்குக் கீழும் இருக்கிற காப்பிக் கடை அங்கே வந்தது. செராஸில் இருக்கிற அதே பொரித்த கோழி, அம்பாங்கில் இருக்கிற அதே இருபத்துநாலு மணி நேரக் கடை. மக்கள் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து, தங்கள் வீட்டுக்குக் கீழே குடிக்கிற காப்பியையே குடித்துவிட்டுப் போகிறார்கள். ஊர்ப் பெயரை ஆள் உயர எழுத்தில் சிவப்பு இதயம் போட்டு நட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வரிசையில் நின்று படம். பின்னால் ஒரு தங்கும் விடுதி. கடல் சேறாக இருக்கிறதாம், விருந்தினர்கள் குறை சொல்கிறார்களாம். அதற்காகக் கடலைப் போல நீலநிற ஓடு பதித்த குளம் கட்டி, சாய்வு நாற்காலிகளைக் குளத்தின் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கடற்கரைக்கு வந்து! இதற்காகவா அக்காவைக் கிளப்பினீர்கள்?

தரம் உயர்த்துவது என்றார்கள். யாருடைய தரம்? நான் பார்த்தவரை உயர்ந்தது தரை மட்டும். ஓடு பதித்த கனத்துக்கு உயர்ந்தது.

திறந்து சில வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானிலிருந்து பழைய பேருந்து ஒன்று வந்தது. வருடா வருடம் வருகிற தாமான்காரர்கள். அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கோழியும் அரிசியும் வெங்காய மூட்டையுமாக இறங்கினார்கள். காவலாளி ஓடி வந்தார், நேப்பாளத்துக்காரர், பாவம், அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார். வெளி உணவு கூடாது. தீ மூட்டக் கூடாது.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி வருகிற ஒரு அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னா தம்பி இது? அக்கா எங்க? அடுப்பு எங்க?"

"நீங்க நிக்கிறதுக்குக் கீழதான்," என்றேன்.

அவர் காலைப் பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

பிள்ளைகள் அதற்குள் கடலில் இறங்கிச் சேறும் உப்புமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். கால் கழுவ ஒரு குழாய் இருந்தது. கடையில் வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் அந்தப் பக்கம் விடுவார்கள். மினரல் தண்ணீர் போத்தலைத் திறந்து பிள்ளைகள் தலையில் ஊற்றினார்கள். பச்சைக் கோழியோடு அதே பேருந்தில் ஏறினார்கள். ஏறும்போது ஒரு பெண் சொன்னாள், "கடல்ல குளிக்கிறதுக்கும் இனிமே பில் காட்டணும் போல." சிலர் சிரித்தார்கள். அந்தப் பேருந்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அன்று ஒரு நாளில், ஒரு பேருந்தில். எண்ணுவதற்கு அப்போது எந்த அட்டைக்காரரும் வரவில்லை.

உண்மை எழுதியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். பாயைப் பார், இடம் கிடைத்தும் காப்பிக் கடைக்குப் பக்கத்தில் எட்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காமல் மருமகனிடமே போய்விட்டார் இல்லையா என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அக்காவுக்கு அந்த எட்டு மாதமும் கிடைக்கவில்லை. தோற்பதற்குக்கூட ஒரு இடம் கொடுக்கவில்லை. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனாலும் என்மேல் வருகிற கோபத்தைவிட எனக்கு அவர்கள்மேல்தான் அதிகம் வருகிறது. கண்ணெதிரே ஆறு அடுப்பு எரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றிருந்தால் புகையே சொல்லியிருக்கும். வரவில்லை. தாளைத்தான் நம்பினார்கள். தன்னைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறவனுக்குத்தான் நிற்க இடம் என்றால், சொல்லிக்கொள்ளக் கூடாது என்று வளர்ந்தவர்கள் எங்கே போய் நிற்பது?

இப்போது நான் கிள்ளானில் ஒரு லோரியில் சாமான் இறக்குகிறேன். அக்கா தாமான் முனையில் ஒரு மேசை போட்டு, காலையில் தோசையும் வடையும் விற்கிறார். வடை பொரிப்பது அந்தப் பெரிய குவாலியில்தான். மற்ற பதின்மூன்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் நான் அங்கே நின்று சாப்பிடுவேன்.

போன மாதம் ஒரு காலை, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்தார். சாலையோர வியாபாரிகளைப் பற்றி விவரம் எடுக்கிறாராம். இந்த முறை தாள் இல்லை, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. நான் தோசையை வாயில் வைத்தபடி நின்றேன். மேசைக்கு முன்னால் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் வடை கட்டி வாங்கக் காத்திருந்தார், ஒருவர் முகவரி கேட்க வந்தவர்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அவர் மலாயில் கேட்டார். அக்கா என் பக்கம் பார்த்தார். கரண்டியைக் குவாலியின் விளிம்பில் வைத்தார்.

"ராமாய்," என்றார். நிறையப் பேர் என்று. அவர் எண்ணாகச் சொல்லும்படி கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, குழாயடியில் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறவர் மாதிரி, மலாயில் ஒரே மூச்சில் சொன்னார்: "இருநூறு."

வடைக்குக் காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் தோசையை விழுங்கினேன். வந்தவர் இருநூறு என்று தட்டிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா அசையவில்லை. பிறகு டப்பாவிலிருந்து ஒரு பிடி உப்பும் நாலு காய்ந்த மிளகாயும் எடுத்தார். மேசையை, எண்ணெய்க் குவாலியை, தன் தலையை, கடைசியில் என்னையும் சேர்த்துச் சுற்றி, அடுப்புக்குள் போட்டார்.

"என்னாக்கா?"

"வாயால சொல்லிட்டேன்ல. எம்புட்டுக் கண்ணு விழுந்திருக்கும்."

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது, கருகுவது தெரியாமல் கருகும் என்பார்கள். அடுப்பிலிருந்து காரம் குபீரென்று கிளம்பியது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வடைக்குக் காத்திருந்தவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அடுத்த கடை வாசலுக்கு ஓடினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமறுது," என்றார். "ஒரு கண்ணும் படல தம்பி. படுற மாரி என்னா இருக்கு இங்க."

அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. நான் இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.